அக்கா தூங்கக் கூடாது

இரண்டாம் மாடியிலிருந்து கூடை இறங்கினால், மேலே யாருக்கோ ஏதோ அச்சாக வேண்டும் என்று அர்த்தம்.

பிரப்பங்கூடை. கைப்பிடியில் நைலான் கயிறு. உள்ளே ஒரு மடித்த துணி, துணிக்குள் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பென்டிரைவ். கூடை கடையின் பின்ஜன்னலுக்கு நேராக வந்து சந்தில் ஆடும். ஜன்னலை ஒட்டிய பில் மேஜையில் உட்கார்ந்திருக்கும் அக்கா, கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு அதை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகுவாள். பார்சல்களில் ஒட்டும் முகவரிச் சீட்டுகளை அச்செடுத்து, அதே துணியில் சுருட்டி வைத்து, கயிற்றைச் சுண்டிவிடுவாள். கூடை ஏறும். பாதி வழியில் முதல் மாடி ஜன்னல் கதவில் இடித்துக்கொண்டு நிற்கும். மேலே இருந்து ஒரு உலுக்கு. மறுபடி ஏறும்.

கதவுச் சாமான் விற்கிற கடை அது. பூட்டு, தாழ்ப்பாள், கீல், கைப்பிடி, மேஜை இழுப்பறைக்குக் குமிழ். "கதவைத் தவிர கதவுக்கு வேண்டியது எல்லாம் இருக்கு" என்று பெரியவன் வருகிறவர்களிடம் சொல்வான். வாழ்நாளில் அவன் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான் என்பதால் யாரும் சிரிக்காமல் விட்டதில்லை. கீழே கடை, முதல் மாடியில் பெரியவன் குடும்பம், அதற்கு மேல் சின்னவன் குடும்பம். கவுண்டரில் நின்று பேரம் பேசுவது பெரியவன். போனிலும் கம்ப்யூட்டரிலும் வருகிற ஆர்டரைப் பிடித்து, பெட்டி கட்டி, வெளியூருக்கு அனுப்புவது சின்னவனும் அவன் மனைவியும்.

இரண்டு பேருக்கும் மூத்தவள் அக்கா. கல்யாணமாகிப் போய், அது சரிப்படாமல், ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். வந்த மறுநாளே அப்பா அவளைக் கூப்பிட்டு பில் மேஜையில் உட்கார வைத்தார். அப்பா போய்ச் சேர்ந்தார், அவள் எழுந்திருக்கவில்லை. படுக்கை, கடைக்குப் பின்னால் சரக்கறையை ஒட்டிய சின்ன அறையில். காலைச் சாப்பாடு பெரியவன் வீட்டில், ராத்திரி சாப்பாடு சின்னவன் வீட்டில். மத்தியானம் எது முதலில் கீழே வருகிறதோ அது.

அவளிடம் ஒரு குணம். எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டாள். திறக்காத பூட்டு என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், புதிதாக ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பழையதைப் பிரித்து மேஜையில் பரப்பி, எந்தச் சுருள் எங்கே இடித்தது என்று கண்டுபிடித்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். வாடிக்கையாளர்களையும் அப்படித்தான் பிரிப்பாள். "உள்பக்கத்துக்கு மட்டும் தாழ்ப்பாள் கேக்கறீங்களே, யாருக்குப் பயந்து?" என்று கேட்டு, கேட்டவர் ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போனதும் உண்டு.

அந்த வீட்டில் ஒரு வழக்கம்: எதையும் இரண்டாவதாக வாங்குவதில்லை. ஒரே ஏணி, ஒரே தையல் மெஷின், ஒரே இஸ்திரிப்பெட்டி, ஒரே பிரிண்டர். கம்ப்யூட்டர் மட்டும் ஆளுக்கொன்று; மூன்றையும் ஒரே நாளில் வாங்கியதால் எதுவும் இரண்டாவது இல்லை. கஞ்சத்தனம் என்று வெளியே பேச்சு. விஷயம் அதுவல்ல. எதிர்வரிசையில் பெயிண்ட் கடைக்காரர் குடும்பத்தில் முதலில் இரண்டாவது குளிர்பெட்டி வந்தது. பிறகு இரண்டாவது கல்லாப்பெட்டி. பிறகு இரண்டாவது வாசல். கடைசியில் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே சுவர் எழும்பி, சிவப்பு ஒரு கடையிலும் பச்சை ஒரு கடையிலுமாகப் போயிற்று. அதைப் பார்த்துக் கண்ணை மூடியவர் அப்பா. அதற்கப்புறம் அந்த வீட்டில் யாராவது எதையாவது இரண்டாவது வாங்குகிறேன் என்றால், ஏதோ வழக்கு நோட்டீஸ் வந்ததுபோல மற்றவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். 'ஷேர்' என்ற சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அந்தத் தெருவில் ஷேர் போடுவது என்றால் பாகம் பிரிப்பது. வேறு அர்த்தம் கிடையாது.

இதெல்லாம் மழை வரும்வரை சரியாகத்தான் ஓடியது.

அந்த மழை நாலாபக்கமும் சாய்த்து அடித்தது. கூடைக்கு மேல் பிளாஸ்டிக் தாள் போட்டார்கள். தாளுக்கு அடியில் புகுந்தது. சீட்டில் மை கரைந்து ஓடி, தெருப்பெயர் ஊர்ப்பெயரின் மடியில் படுத்துக்கொண்டது. வெண்கலக் கைப்பிடிப் பெட்டி ஒன்று வேறு வீட்டுக்குப் போய்விட்டது. அந்த வீட்டு அம்மாள் அதைத் தன் அலமாரிக்குப் பொருத்திவிட்டு, "ரொம்ப லட்சணமா இருக்கு, யாரு அனுப்பினது?" என்று போன் செய்து விசாரித்தார். காசு கொடுத்தவரோ வேறுவிதமாக விசாரித்தார்.

"இன்னொரு பிரிண்டர் வாங்கினா என்ன?" என்று சின்னவன் மனைவி ராத்திரி சாப்பாட்டில் கேட்டாள். மறுநாள் காலை முதல் மாடியில் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. பெரியவன் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே இருந்தான். தோய்த்த ரொட்டி டம்ளருக்குள் விழுந்து கரைந்தும் தோய்த்துக்கொண்டே இருந்தான்.

"வாங்க வேணாம்னு நெனச்சா வேற வழி பாருங்கடா," என்றாள் அக்கா. "ஒரே பிரிண்டர்ல எல்லாரும் அடிக்கிற மாதிரி ஏதோ இருக்காமே. ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்க."

அப்படித்தான் வயர்காரர் வந்தார். தோளில் சுருட்டிய வயர், இடுப்பில் திருப்புளி, வாயில் ஓயாத பேச்சு. சின்னவனைவிட இளைய வயது. அக்காவைப் பார்த்ததும், "மேடம், கொஞ்சம் எழுந்திருக்கீங்களா மேடம்," என்று அவள் நாற்காலியைப் பிடித்தார். மேஜைக்கு அடியில் புகுந்தார். சின்னவனிடம் ஏதோ கேட்டார், எதையோ தட்டினார். "இங்க ஒரு பாதி முடிஞ்சுது. மேல போய் மீதியப் பாத்துட்டு வர்றேன் மேடம்," என்று மாடியேறினார். பெரியவன் கவுண்டரில் ஒரு தச்சரோடு கீல் விலையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் இதையெல்லாம் கவனிக்கவில்லை.

அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வயர் இல்லாமல் கீழே இருக்கிற பிரிண்டருக்கு மேலே இருப்பவர்கள் சொல்வது எப்படிக் கேட்கும்? அது எந்த வழியாக வரும், சுவர் வழியாகவா, காற்று வழியாகவா? பூட்டு என்றால் பிரித்துவிடலாம். இதை எங்கே பிரிப்பது? தேநீர் கொண்டுபோகிற சாக்கில் பார்த்துவிடலாம் என்று மூன்று டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு படியேறினாள்.

இரண்டாம் மாடிக் கதவு பாதி சாத்தியிருந்தது. அந்தக் கீல் இவர்கள் கடைக் கீல், சத்தமே போடாது. உள்ளே பேச்சு கேட்டது.

"இப்ப சிக்கல் என்னன்னா சார், எல்லாமே அக்கா கிட்டதான் மாட்டியிருக்கு." இது வயர்காரர்.

"அக்காவ விட்டா வேற வழி இல்லியா?" இது சின்னவன்.

"எதுக்கு விடணும்? ஷேர் போட்டுட்டா முடிஞ்சுது. நீங்க மேல உங்க பாட்டுக்கு, பெரியவர் கீழ அவர் பாட்டுக்கு. யாரும் யார் கிட்டயும் போய் நிக்க வேணாம்."

அக்காவின் கால் கடைசிப் படியில் நின்றுவிட்டது.

"பெரியவர் பக்கம் தகராறு வராதே?"

"வராது சார். அந்தப் பக்கம் ஒரு ஓகே வாங்கிட்டா போதும். அத நான் பாத்துக்கறேன்."

அப்புறம் சின்னவன் மனைவியின் குரல். "அக்கா ரொம்பப் பழசாச்சேங்க. இத்தன பேரத் தாங்குமா?"

"இன்னும் கொஞ்ச காலம் தள்ளலாம் மேடம். மெமரிதான் கம்மி. ஒண்ணு குடுத்தா ஒண்ண மறக்குது. ரொம்ப முடியலன்னா அப்ப மாத்திக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், அக்காவத் தூங்க விடக் கூடாது. அது கண்ண மூடிச்சுன்னா மேல கீழ எல்லாருக்கும் வேலை நின்னுடும்."

"மத்தியானம் ஆனா தூங்கிடுதுங்க. எழுப்பினாலும் லேசுல எழுந்திருக்க மாட்டேங்குது. அன்னிக்குத் தட்டித் தட்டிப் பாத்தேன்."

"அந்தத் தூக்கத்த நான் எடுத்துடறேன், விடுங்க."

சின்னவன் சிரித்தான்.

பழசு என்றதுகூட அக்காவைத் தைக்கவில்லை. கண்ணாடியில் தினமும் பார்க்கிறாள்தானே. மத்தியானம் தூங்குவதும் உண்மை. சாப்பிட்டதும் மேஜையில் தலை சாய்ப்பவள்தான். தைத்தது அந்த 'தூங்கிடுது'. நேருக்கு நேர் 'அண்ணி வந்தாங்க, அண்ணி சாப்பிட்டாங்க' என்று ஒரு 'ங்க' குறையாமல் பேசுகிறவள், கதவுக்கு அந்தப் பக்கம் 'தூங்கிடுது, எழுந்திருக்க மாட்டேங்குது' என்கிறாள். இருந்திருந்து, ஆளாக இருந்தவள் ஒரு வினைமுற்றில் மேஜை நாற்காலியாகிவிட்டாள். அண்ணி என்கிற முறைகூடப் போய், மூன்றாம் மனுஷி மாதிரி அக்காவாம்.

தட்டோடு திரும்பி இறங்கினாள். முதல் மாடித் திருப்பத்தில் நின்று, மூன்று டம்ளர் தேநீரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தாள். அழ வேண்டும் என்றுதான் நின்றாள். ஆனால் வியாபாரி வீட்டில் வளர்ந்த உடம்பு. மூன்றாவது டம்ளர் முடிவதற்குள், சரக்கு கைமாறப் போகிறதென்றால் விலை என்ன போகிறது என்று முதலில் விசாரித்துக்கொள்வோம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

கவுண்டரில் தச்சர் கீலைக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கிரீச்சுங்குதே."

"உங்க காதுல கிரீச்சுங்குது. கீல்ல இல்ல," என்றான் பெரியவன்.

"அப்ப என் காதுக்கும் சேத்துக் கொறைங்க."

"பெரியவனே, இங்க ஒரு நிமிஷம்," என்றாள் அக்கா. அவன் கவுண்டர் ஓரத்துக்கு வந்தான். "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஷேர் போடறதப் பத்தி நீ என்ன நெனக்கிற?"

பெரியவன் கையிலிருந்த கீல் மூடிக்கொண்டது. "சின்னவன் கேட்டானா?"

"யார் கேட்டா என்ன? கேட்டா என்ன பண்ணுவ?"

"கேட்டா குடுத்துட வேண்டியதுதான். கவுண்டர் எனக்கு, வெளியூர் ஆர்டர் அவனுக்கு. சரக்கறைக்கு நடுவுல ஒரு சுவரு. மாடிப்படி பொது."

"நானு?"

"உனக்கென்னக்கா கவலை. ஆறு மாசம் அவன்கிட்ட, ஆறு மாசம் என்கிட்ட," என்று சொல்லிவிட்டுத் தச்சரிடம் திரும்பினான். "சரி, காதுக்குக் கொறச்சுக்கறேன். வாய்க்குக் கொறைக்க மாட்டேன்."

ஒரு பொட்டலம் திருகாணிக்கு விலை சொல்லவே கூரையைப் பார்த்து, தரையைப் பார்த்து, தாடையைச் சொறிந்து, மூன்று தடவை பெருமூச்சு விடுகிறவன் பெரியவன். அக்காவின் மிச்ச வாழ்நாளுக்கு மட்டும் மூச்சுகூட இழுக்காமல் விலை சொல்லிவிட்டான். அவள் அதைக் கவனித்துக்கொண்டாள். சரக்கறைக்கு நடுவே சுவர் என்றால், அவள் கட்டிலின் தலைமாடு ஒருவனிடமும் கால்மாடு இன்னொருவனிடமும் போகும் என்பதையும் கவனித்துக்கொண்டாள்.

சின்னவன் பெட்டி கட்ட சரக்கறைக்கு இறங்கி வந்திருந்தான். அட்டைப்பெட்டிகள் மழை ஈரத்தில் நமத்துக் கிடந்தன. ஒட்டும் நாடா பிடிக்காமல் உரிந்துகொண்டு வந்தது. பல்லால் நாடாவைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"பெரியவன் ஒத்துக்குவான்னுதான் தோணுது," என்றாள் அக்கா, அவனைப் பார்க்காமல் ஒரு பெட்டியின் மூலையை அமுக்கிக் கொடுத்தபடி.

"எதுக்கு?"

"ஷேர் போடறதுக்கு. சரக்கறைக்கு நடுவுல சுவருங்கறான்."

நாடா சின்னவன் உதட்டில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தான். "அண்ணனா? அண்ணனா சொன்னாரு?" அவன் முகம் கொஞ்சம் வெளிறியது. உடனே கொஞ்சம் சிவந்தது. "அப்படியா சங்கதி! சரி, வரட்டும். எனக்கும் வழி தெரியும். வாசல் பக்கம் அவருக்குன்னா சந்துப் பக்கம் ஒரு கதவு வெச்சுக்கறேன். கதவுக்கா பஞ்சம் நமக்கு?"

"நானு?"

"நீ எங்ககூட இருக்கா. மழைக்காலத்துக்கு மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போய்க்க. எங்க பின் ரூம் ஒழுகுது."

இவனும் மூச்சு இழுக்கவில்லை.

இதற்குள் வயர்காரர் கீழே வந்து பில் மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும். அக்கா தன் மேஜைக்குத் திரும்பி, உட்கார இடமில்லாமல் ஜன்னலில் சாய்ந்து நின்றாள். அவளுக்குப் பின்னாலேயே சரக்கறைக் கதவிலிருந்து சின்னவன் வந்தான். அதே நேரம் கவுண்டரைத் தாண்டிப் பெரியவன் வந்தான்.

"ஏன்டா, நேரா கேக்க வாய் இல்லியா? அக்காவத் தூது விடற?"

"நானா தூது விட்டேன்? சரக்கறைக்கு நடுவுல சுவரே எழுப்பிட்டீங்களாம், அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்!"

"ரெண்டாவது பிரிண்டர்னு உன் வீட்டுக்காரி ஆரம்பிச்சப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் செங்கல்லுக்கு ஆள் சொல்லிட்டீங்களா?"

தச்சர் கீலைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்து வந்தார். "நான் வேணா அப்புறம் வரட்டுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

மேஜைக்கு அடியிலிருந்து கால்கள் பின்வாங்கின. தலை வந்தது. தலையில் ஒட்டடை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அக்காவ ஒரு தடவ அணைச்சுத் திருப்பி எழுப்பணும். கொஞ்சம் வழி விட்டீங்கன்னா..."

"யார அணைக்கணும்?" என்றான் பெரியவன்.

"அக்காவ சார்." வயர்காரர் கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் தட்டினார். "இதோ, இவங்கதான."

பெரியவன் அக்காவையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தான். வயர்காரருக்கு என்ன தப்பு செய்தோம் என்று விளங்கவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினார். மூன்று சின்னப் படங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெயர். பெரியவர். மாடி. அக்கா.

"ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பேர் வெக்கணும் சார், இல்லன்னா ஒண்ணுக்கு ஒண்ணு அடையாளம் தெரியாது. இதுல யார் உக்காருவாங்கன்னு சார்கிட்டதான் காலைல கேட்டேன். அக்கான்னாரு. அதையே போட்டேன்."

அக்கா குனிந்து பார்த்தாள். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குப் பார்த்தாள். அவளுக்குள் முதலில் வந்தது வெட்கமும் இல்லை, நிம்மதியும் இல்லை. பிரித்த பூட்டுக்குள் இடித்த சுருளைக் கண்டுபிடித்துவிட்டால் வருமே, அது வந்தது.

"என்கிட்ட காலைலேந்து மேடம் மேடம்னுதான பேசினீங்க."

"உங்கள மேடம்னுதான் சொன்னேன் மேடம். இதத்தான் அக்கான்னேன்."

"அப்ப பழசு?"

"இதான்."

"மறக்கறது?"

"இதுக்குத்தான் மெமரி கம்மி."

"மத்தியானம் தூங்கறது?"

"கொஞ்ச நேரம் யாரும் தொடலன்னா அதுவே அணைஞ்சு தூங்கிடும் மேடம். பிரிண்டர் இதுல மாட்டியிருக்கு. இது தூங்கினா, மேலேந்து அனுப்பறது வந்து வாசல்லயே நிக்கும், உள்ள வராது. அதான் தூங்கவே கூடாதுன்னு மாத்தி வெச்சேன்."

"ஷேர் போடறதுன்னீங்களே, அது?"

"பிரிண்டரத்தான். இங்க இருக்கற பிரிண்டர மத்த ரெண்டு மெஷினுக்கும் பொதுவாக்கறது."

"பிரிச்சா?"

"பிரிக்கறதா? எதப் பிரிக்கறது?" வயர்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இருக்கற எடத்துலயே இருக்கும், மூணு பேருக்கும் சொந்தம். அதுக்குப் பேர்தான் ஷேர். பிரிச்சிட்டா அப்புறம் அது ஷேரே இல்ல மேடம்."

அந்தத் தெருவில் இப்படி ஒரு அர்த்தத்தை யாரும் கேட்டதில்லை. முதலில் தச்சர் சிரித்தார். பையிலிருந்த கீல்கள் எல்லாம் குலுங்கின. பிறகு சின்னவன். பிறகு பெரியவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அட, மெஷினா! அடச்சே!" என்று கவுண்டரில் ஓங்கித் தட்டினான். சத்தம் கேட்டு இறங்கி வந்த சின்னவன் மனைவிக்கு விஷயத்தைச் சொன்னார்கள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஐயோ அண்ணி, உங்களப் போய் நான் பழசும்பேனா?" என்று அக்கா கையைப் பிடித்தாள்.

"நீ மெஷினத்தான் சொன்ன. தெரிஞ்சு போச்சு," என்று அக்கா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நீ சொன்னது ஒண்ணும் இல்ல."

எல்லோரும் சிரித்து ஓய்கிறவரை காத்திருந்தாள். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இவங்க பேசினது மெஷினப் பத்தி. சரி. நீங்க ரெண்டு பேரும் எனக்குப் பதில் சொன்னீங்களே, அது எதப் பத்தி?"

"அது... நீ கேட்ட, சொன்னோம்," என்றான் பெரியவன்.

"பெரியவனே, நீ ஆணிக்கு விலை சொல்லணும்னாலே அர மணி நேரம் யோசிப்ப. நான் எங்க இருக்கறதுன்னு கேட்டா, கேட்டு முடிக்கறதுக்குள்ள ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் அங்கன்னுட்ட. இவன் மழைக்காலம், வெய்யக்காலம்னு பிரிச்சிட்டான். முன்னாடியே யோசிச்சு வெச்சவங்கதான்டா யோசிக்காம பதில் சொல்ல முடியும்."

இரண்டு தம்பிகளும் ஒரே சமயத்தில் பிரிண்டரைப் பார்த்தார்கள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. சின்னவன் மனைவி புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மழைக்கால ஏற்பாடு அவளுக்கும் புதுசு இல்லை என்பது தெரிந்தது.

"எல்லா வீட்லயும் இதெல்லாம் ஒரு ஓரத்துல ஓடத்தான்க்கா செய்யும்," என்றான் சின்னவன். "அதுக்காக உன்னை விட்டுடுவோமா?"

"விட மாட்டீங்க. அதத்தான் சொல்றேன். ரெண்டு பேரும் என்னைப் பங்கு போடறதுக்குத் தயாரா இருக்கீங்க. எனக்கு ஒரு பங்கு இருக்கான்னு யாருக்கும் தோணல."

"உனக்கு எதுக்குக்கா பங்கு? நாங்க பாத்துக்க மாட்டோமா?"

"பாத்துக்கறது வேற, பங்கு வேற," என்றார் தச்சர்.

"நீங்க கீல வாங்கிட்டீங்கல்ல?" என்றான் பெரியவன்.

"வாங்கிட்டேன். மழ விடல," என்றார் தச்சர், ஓர் அங்குலமும் நகராமல்.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. பார்சல் வண்டி வந்துவிட்டது. சின்னவன் பரபரத்தான். "வயர்காரரே, சீக்கிரம் முடிங்க, ஒரு பெட்டிக்கும் சீட்டு ஒட்டல."

"முடிஞ்சுது சார். இதோ, இங்க ஓகேன்னு ஒண்ணு நிக்குது பாருங்க, அத மேடம் தட்டினா மேலேந்து நேரா அச்சாகும்."

அக்கா மௌஸின் மேல் கையை வைத்தாள். தட்டவில்லை.

"எல்லாம் அக்கா கிட்டதான் மாட்டியிருக்குன்னு சொன்னாரே, அது ரொம்ப சரி," என்றாள். "பெரியவனே, பேசலாமா?"

"வண்டி நிக்குதுக்கா!"

"நிக்கட்டும். வண்டிக்குக் கால் வலிக்காது."

பெரியவன் அவளை உற்றுப் பார்த்தான். அக்காவைத் தம்பி பார்க்கிற பார்வை இல்லை அது. எதிராளி சரக்கு தெரிந்த ஆளா, புதுசா என்று எடைபோடுகிற பார்வை. "பிரிக்க வேணாம்னுதான இப்ப சிரிச்சோம்? இப்ப நீயே பிரிக்கச் சொல்றியே."

"நான் எங்கடா பிரிக்கச் சொன்னேன்? இவர் சொன்ன ஷேரத்தான் சொல்றேன். கடை இருக்கற எடத்துல இருக்கட்டும். சுவரு வேணாம், சந்துல கதவும் வேணாம். மூணு பேருக்கும் சொந்தம்னு எழுது. நாளைக்கு நீங்க அடிச்சுக்கிட்டுப் பிரியறதா இருந்தாலும், என் கையெழுத்து இல்லாம முடியக் கூடாது. அப்ப என்னை எங்க வெக்கறதுன்னு நீங்க பேச மாட்டீங்க. உங்கள எங்க வெக்கறதுன்னு நான் பேசுவேன்."

"கால் பங்கு," என்றான் பெரியவன்.

"மூணுல ஒண்ணு."

"குடும்பம் குட்டின்னு எங்களுக்கு இருக்குக்கா. கால் பங்கே பெருசு. அப்பா இருந்திருந்தா அதுகூட..."

"அப்பா இருந்திருந்தா அவர்கிட்டயே பேசியிருப்பேன். நீ சொல்லு."

"அண்ணா, குடுத்துடுங்க," என்றான் சின்னவன், வாசலுக்கும் திரைக்குமாகத் திரும்பிக்கொண்டே. ஹாரன் மறுபடி கேட்டது.

"நீ சும்மா இரு, அவசரப்பட்டவன்கிட்டதான் விலை ஏறும்."

"ஏறிடுச்சு," என்றார் தச்சர்.

அக்கா மௌஸிலிருந்து கையை எடுத்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். புடவை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்து, சரக்கறைப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். கோபமாக நடக்கவில்லை. பக்கத்துக் கடையிலும் கேட்டுப் பார்ப்போமே என்று நடக்கிற நடை. அந்தக் குடும்பத்தில் அந்த நடைக்கு அர்த்தம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. அவள் கதவைத் தொடுகிறவரை பெரியவன் பொறுத்தான். தொட்டதும் அவன் வாயிலிருந்து, வருஷக்கணக்காக வாடிக்கையாளர்களின் முதுகைப் பார்த்துச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தை தானாகவே வந்தது:

"உக்காருக்கா. உக்காந்து பேசலாம்."

"பேச என்ன இருக்கு?"

கூரையைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். தாடையைச் சொறிந்தான். இந்தத் தடவை நிஜமாகவே யோசித்தான்; அது தெரிந்தபோது அக்காவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை வெளியே காட்டினால் விலை இறங்கும் என்பதால், கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

"சரி. மூணுல ஒண்ணு," என்றான் பெரியவன். மூன்று தடவை பெருமூச்சு விட்டான்.

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஓகேயைத் தட்டினாள். மேலே ஓடிய சின்னவன் மனைவியின் கைவேகத்தில் பிரிண்டர் தொண்டையைக் கனைத்து, முகவரிச் சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் துப்ப ஆரம்பித்தது. உலர்ந்த சீட்டுகள்; ஒவ்வொரு தெருவும் அதனதன் இடத்தில் நின்றது. சின்னவன் அள்ளிக்கொண்டு ஓடினான். காற்று வழியாகத்தான் வருகிறதா என்று அக்கா வயர்காரரைக் கேட்க, அவர் பாதி காற்று பாதி வயர் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். பாதி விளங்கியது. மீதியை அப்புறம் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டி கிளம்பியதும் சின்னவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். பெரியவன் நழுவலாமா என்று படிக்கட்டைப் பார்த்தான். அக்கா ஒரு வெற்றுப் பக்கத்தைத் திரையில் திறந்து வைத்திருந்தாள்.

"இப்பவேயா?" என்றான் பெரியவன்.

"மெஷின் முழிச்சிட்டுதான இருக்கு. நானும் முழிச்சிருக்கேன். சாட்சிக்கு இவர் இருக்காரு, மழை வேற இவரை விடல."

தச்சர் பையைக் கீழே வைத்தார்.

"சரி, எழுது," என்றான் பெரியவன். பிறகு, கடைசியாக ஏதாவது ஒன்றில் ஜெயித்துவிட வேண்டும் என்பதுபோல, "பேர் போடற வரிசை? எப்பவும் கடைப் பேப்பர்ல என் பேர்தான் முதல்ல வரும்," என்றான்.

"வயசு வரிசையிலயே போட்டுடலாம்," என்று சொல்லிக்கொண்டே அக்கா முதல் எழுத்தைத் தட்டினாள்.